எச்சரிக்கை உங்கள் வாசல்வரை வந்து சேர்வதற்கு
திருகோணமலைக் கரையோரத்துக்கு மீளத் திரும்பிய குடும்பங்களுக்கான விளக்கம்

ஊர் திரும்பிய குடும்பம் முதலில் பார்ப்பது கிணற்றை. அடுத்து வளவின் எல்லை, கூரைத் தகரம், பிள்ளைகளின் பாடசாலை, வாழ்வாதாரம். இவற்றைப் பற்றி இக்கைநூலின் முன்னைய பகுதிகளில் பார்த்தோம். இந்தப் பகுதி ஒரேயொரு கேள்வியைப் பற்றியது. கடலோ ஆறோ காற்றோ ஊருக்குள் வரப்போகிறது என்றால், அதை உங்களுக்கு யார் வந்து சொல்வார்கள்?

இந்தக் கேள்வி மற்றவர்களைவிட உங்களுக்கு முக்கியமானது. அதற்கு ஒரு காரணம் உண்டு. இலங்கையில் இன்றுள்ள முன்னெச்சரிக்கை ஏற்பாடுகளில் பெரும்பாலானவை 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் உருவானவை. 2005இல் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து மாவட்ட அலுவலகங்கள் திறக்கப்பட்டன, கோபுரங்கள் எழும்பின, கிராமக் குழுக்கள் அமைந்தன, ஒத்திகைகள் நடந்தன. அதே காலத்தில் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை மக்கள் 2006இல் வெளியேறி கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் நலன்புரி நிலையங்களில் இருந்தார்கள். இன்னும் சிலர் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தார்கள். ஆகவே நீங்கள் இல்லாத காலத்தில் எழுதப்பட்ட பட்டியல்களில் உங்கள் பெயர் இல்லாமல் இருக்கலாம். அந்தக் காலத்தில் வரையப்பட்ட வெளியேறும் பாதைப் படத்தில் உங்கள் ஒழுங்கையும் இல்லாமல் இருக்கலாம். அதைச் சரிசெய்வது கடினமான வேலையல்ல. ஆனால் நீங்களே தொடங்கவேண்டிய வேலை.

2004இல் ஏன் எவரும் சொல்லவில்லை?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தது. அலை எமது கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த அதிர்வை ஹவாயில் இருந்த பசுபிக் சுனாமி எச்சரிக்கை மையம் சில நிமிடங்களிலேயே கண்டறிந்தது. கண்டிக்கு அருகே பல்லேகலையில் இருந்த கருவியும் பதிவு செய்தது. கருவிகள் தம் வேலையைச் செய்தன. ஆனால் இந்து சமுத்திரக் கரைகளுக்கு அந்தச் செய்தியைக் கொண்டுவர வழி இருக்கவில்லை. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். எமது மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேர். கிண்ணியா வைத்தியசாலையும் அலையில் சிதைந்தது.

அதே நாளில் வேறுவிதமாக நடந்த இரண்டு இடங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்றொரு மீனவக் கிராமம் உண்டு. அந்த ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். செய்தியைக் கேட்டதும் ஊருக்குத் தொலைபேசி எடுத்தார். மீனவர்களுக்கு வானிலை சொல்வதற்காக அங்கே ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்த ஒலிபெருக்கியில் ஊர்மக்கள் உடனே அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்த ஊர் கரையை விட்டு விலகித் தப்பியது.

மற்றையது சுமாத்திராவுக்குப் பக்கத்தில் உள்ள சிமெலுவே தீவு. அங்கே 1907இல் வந்த பேரலையைப் பற்றிப் பாட்டன் பாட்டிமார் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அந்தக் கதையின் சாரம். தொண்ணூற்றேழு வருடங்களுக்குப் பிறகு அந்தக் கதை வேலை செய்தது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் தீவில் ஆழிப்பேரலையில் இறந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு.

நல்லவாட்டில் உயிர் காத்தது ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு ஒலிபெருக்கியும். சிமெலுவேயில் அதுகூட இல்லை, பேச்சு மட்டுமே. எனவே முன்னெச்சரிக்கை என்றால் கோபுரமும் செய்மதியும் மட்டும் என்று நினைக்கவேண்டாம். அது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தாலும் மிகுதி எல்லாம் வீண்.

இன்று செய்தி எந்த வழியாக வருகிறது?

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைக்கப்பட்டது. சூறாவளி, கடும் மழை, ஆழிப்பேரலை ஆகியவற்றுக்கான அறிவித்தலை வளிமண்டலவியல் திணைக்களம் விடுக்கிறது. ஆறுகளின் நீர்மட்டத்தையும் வெள்ளத்தையும் நீர்ப்பாசனத் திணைக்களம் கவனிக்கிறது. ஆழிப்பேரலை பற்றிய தகவல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இயங்கும் பிராந்திய மையங்களிலிருந்து இலங்கைக்கு வருகிறது.

அங்கிருந்து அறிவித்தல் மாவட்ட அனர்த்த முகாமைத்துவ அலகுக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் வரும். பின்னர் பிரதேச செயலகம், அடுத்து கிராம உத்தியோகத்தர், கடைசியாகக் கிராமக் குழு. பொலிசாரும் கடற்படையினரும் தங்கள் வழியில் அறிவிப்பார்கள். வானொலி, தொலைக்காட்சி, கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி வழியாகவும் வரும். 117 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைத்து நீங்களே கேட்டறியலாம்.

கரையோர மாவட்டங்களில் 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் நிறுவப்பட்டன. உப்புக்காற்றாலும் பராமரிப்புக் குறைவாலும் அவற்றில் பல பின்னர் செயலிழந்தன. ஆகவே கோபுரம் ஒலிக்கட்டும் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். ஒரே செய்தி குறைந்தது இரண்டு வழிகளால் உங்களிடம் வரவேண்டும். ஒன்று தவறினாலும் மற்றது வரும்.

எமது மாவட்டத்தின் நான்கு ஆபத்துகள், நான்கு விதமான அவகாசம்

எந்த ஆபத்துக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை அறிந்தால்தான் என்ன செய்யலாம், என்ன செய்யமுடியாது என்று தீர்மானிக்கலாம்.

ஆழிப்பேரலை: சுமாத்திராப் பக்கம் அதிர்வு ஏற்பட்டால் எமக்குக் கிடைப்பது ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். அதிர்வை அளந்து, அறிவித்தல் தயாரித்து, மாவட்டத்துக்கு அனுப்புவதிலேயே ஒரு பகுதி கழிந்துவிடும். மீதியுள்ள நேரம் ஆட்களுக்கானது, பொருட்களுக்கானதல்ல. கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால், அல்லது கரையில் நிற்கும்போது நீண்டநேரம் பலமான அதிர்வை உணர்ந்தால், அறிவித்தலுக்குக் காத்திராமல் விலகுங்கள். முதல் அலையே பெரிய அலை என்றில்லை. 2004இல் பின்னால் வந்த அலைகளில் சிக்கியவர்கள் பலர். அலை ஆற்று முகத்துவாரங்களின் ஊடாகவும் களப்பின் ஊடாகவும் உள்ளே ஏறும். அதனால் உப்பாறு, கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளில் கடல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வீடு இருந்தாலும் பாதுகாப்பு என்று எண்ணிவிட முடியாது.

சூறாவளி: இதற்கு ஒரு நாள் அல்லது அதற்கு மேலும் அவகாசம் கிடைப்பதுண்டு. 2000 டிசம்பர் 26இல் ஒரு சூறாவளி எமது கிழக்குக் கரையைத் தாக்கியது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி சூறாவளி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரை கடந்தது. புரெவிக்கு முன்னரே கரையோரக் குடும்பங்கள் பாடசாலைகளுக்கு மாற்றப்பட்டன, வள்ளங்கள் கடலுக்குப் போகவில்லை. சூறாவளியில் ஒன்றை மறக்கவேண்டாம். நடுவில் காற்று திடீரென அடங்கினால், அது சூறாவளியின் கண் எமக்கு மேலாகக் கடப்பதாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மீண்டும் அடிக்கும். அறிவித்தல் வரும்வரை வெளியே வரவேண்டாம்.

மகாவலி வெள்ளம்: மகாவலி கங்கை மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலுடன் சேர்கிறது. அதன் கிளையான வெருகலாறு தெற்கே கடலில் விழுகிறது. இங்கே ஒரு துளி மழை இல்லாவிட்டாலும் மலைநாட்டில் பெய்த மழை எமது வயலுக்குள் வரலாம். பொலன்னறுவை மாவட்டத்தின் மனம்பிட்டியில் உள்ள நீரளவு நிலையம் எமக்கு மேலே இருக்கும் காவல். அங்கே நீர்மட்டம் உயர்கிறது என்று வானொலி சொன்னால், மூதூர், வெருகல் பக்கத் தாழ்நிலக் குடும்பங்கள் அன்றே ஆயத்தமாகவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின்போது நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எமது மாவட்டத்தில் பெருகிவந்த நீரில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர்.

குளக்கட்டு உடைவு: 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நித்திரையில் இருந்தவர்களில் நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. இது மிகக் குறைந்த அவகாசம் தரும் ஆபத்து. குளத்துக்குக் கீழே வசிப்போர் மழைக்காலத்தில் கட்டில் ஈரக்கசிவு, கலங்கிய நீர் ஊற்று, புதிய வெடிப்பு, மண்சரிவு எதையும் கண்டால் உடனே கமக்காரர் அமைப்புக்கும் நீர்ப்பாசன அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். இங்கே முதல் கருவி கட்டில் நடந்துபோகும் விவசாயியின் கண்தான்.

கடைசிக் கிலோமீற்றர்: ஊரில் அமைக்கவேண்டியது

கொழும்பிலிருந்து பிரதேச செயலகம் வரை செய்தி நிமிடங்களில் வரும். அங்கிருந்து கடற்கரை வாடியில் நித்திரை கொள்பவரின் காதுக்கு வருவதுதான் நீண்ட தூரம். பங்களாதேசம் இதை 1970இல் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொடுத்துக் கற்றது. பின்னர் கொடியும் கைஒலிபெருக்கியும் ஏந்திய தொண்டர்களை ஊர்தோறும் அமர்த்தியது. 2007இல் சித்ர் சூறாவளி வந்தபோது உயிரிழப்பு சில ஆயிரங்களாகக் குறைந்திருந்தது. இழப்பு இழப்புத்தான். ஆனால் அந்த வித்தியாசத்தில் ஊர்த் தொண்டர்களின் பங்கு பெரியது.

உங்கள் ஊரில் அமைக்கவேண்டியவை இவை:

1. பெயர்ப் பட்டியல். கிராம உத்தியோகத்தரிடம் சென்று குடும்பத்தின் பெயரையும் இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் பதியுங்கள். முகாமில் பாவித்த பழைய இலக்கம் இன்னும் பட்டியலில் இருந்தால் மாற்றுங்கள். எழுந்து நடக்க முடியாதோர், காது கேளாதோர், கர்ப்பிணிகள், தனித்து வாழும் முதியோர் ஆகியோரைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள்.

2. இரண்டு பொறுப்பாளர்கள். ஒவ்வொரு இருபது, இருபத்தைந்து வீட்டுக்கும் இருவர். அதில் ஒருவர் பெண்ணாக இருப்பது அவசியம். ஆண்கள் கடலுக்கோ வயலுக்கோ போன வேளையில்தான் செய்தி வரக்கூடும். பெண்கள் மட்டும் உள்ள வீட்டின் படலையை இரவில் தட்டவும் அவரால்தான் இயலும்.

3. ஊர் அறிந்த ஒலி. கோயில் மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, தேவாலய மணி, கையால் சுற்றும் சைரன் என எது இருக்கிறதோ அதைப் பயன்படுத்தலாம். ஆனால் பூசைக்கும் தொழுகைக்கும் ஒலிப்பதிலிருந்து வேறுபட்ட முறை ஒன்றை ஊர்கூடித் தீர்மானியுங்கள். அதைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். பக்கத்து ஊர் எந்தச் சமூகமாக இருந்தாலும் அவர்களுக்கும் சொல்லிவையுங்கள். தண்ணீர் ஊரெல்லை பார்ப்பதில்லை.

4. கடலில் நிற்பவர்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் எந்த வள்ளம் வெளியே போயிருக்கிறது என்ற குறிப்பு நாளாந்தம் இருக்கவேண்டும். ஆழிப்பேரலை அறிவித்தல் வரும்போது ஆழ்கடலில் நிற்பவர் கரைக்கு ஓடிவரக் கூடாது. ஆழமான நீரில் அலை உயரம் குறைவு, கரையை அண்மிக்கும்போதே அது எழும்பும். சூறாவளி அறிவித்தலுக்கு நேர்மாறு. உடனே கரை திரும்பவேண்டும்.

5. நடந்து பார்த்த பாதை. நீங்கள் ஊரை விட்டுப் போனபோது மூதூர் வீதியின் ஆறுகளைப் படகுத் துறைகளில் காத்திருந்து கடந்தீர்கள். இன்று பாலங்கள் இருக்கின்றன. பழைய நினைவை வைத்துப் பாதையைத் தீர்மானிக்க வேண்டாம். குடும்பமாக ஒருமுறை நடந்து, எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று பாருங்கள். ஆழிப்பேரலையின்போது பாலத்தைக் கடந்து போகும் பாதையைத் தவிர்த்து, கரையிலிருந்து உள்நோக்கி உயரமான இடத்துக்குப் போகும் பாதையைத் தெரிவுசெய்யுங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள நிலத்தினூடாக எந்த அவசரத்திலும் குறுக்குவழி போகவேண்டாம். வெள்ளம் வெடிபொருட்களை இடம் மாற்றியும் விடும்.

பராமரிக்காத எச்சரிக்கை இல்லாத எச்சரிக்கையே

ஒலிபெருக்கி கொடுக்கப்படும் நாளில் படம் எடுப்பார்கள். அடுத்த மாரியில் அதன் பற்றரி கசிந்து, அலுமாரிச் சாவி வெளியூர் போன ஒருவரிடம் இருக்கும். இது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. இதைத் தடுக்க ஒரு சிறிய ஒழுங்கு போதும்.

மாதத்தில் ஒரு குறித்த நாளில் கைஒலிபெருக்கியையும் சைரனையும் ஒரு நிமிடம் ஒலித்துப் பாருங்கள். முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவிட்டு ஒலியுங்கள். பற்றரியைப் பாவனை இல்லாத நாட்களில் கழற்றி வையுங்கள். சாவி இரண்டு வீடுகளில் இருக்கட்டும். தொலைபேசிப் பட்டியலை ஒக்டோபரில், பருவமழை தொடங்க முன்னர், ஒருதடவை அழைத்துச் சரிபாருங்கள். ஒருவர் ஊரை விட்டுப் போனால் அவரிடத்துக்கு அன்றே இன்னொருவரை நியமியுங்கள். ஊருக்கு அண்மையில் எச்சரிக்கைக் கோபுரம் இருந்தால், அது இயங்குகிறதா என்று மாவட்ட அனர்த்த முகாமைத்துவ அலகிடம் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பேரில் எழுத்தில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. எழுத்தில் கேட்டால் பதிலும் எழுத்தில் வரும்.

ஒவ்வொரு டிசம்பர் 26உம் தேசிய பாதுகாப்பு தினம். விளக்கேற்றி அஞ்சலி செலுத்தும் அதே நாளில் ஒத்திகையும் செய்யலாம். இறந்தவர்களை நினைப்பதும் இருப்பவர்களைக் காப்பதும் ஒரே காரியந்தான்.

“மறுபடியும் வீட்டை விட்டு எழும்பச் சொல்கிறார்களா?”

ஊர்க் கூட்டங்களில் எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. சைரன் ஒலியும், “உடனே வெளியேறுங்கள்” என்ற ஒலிபெருக்கிக் குரலும் எங்களில் பலருக்கு வேறு நினைவுகளைக் கொண்டுவரும். சில நாட்களில் திரும்பலாம் என்று போய்ப் பத்து வருடம் கழித்து வந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இயல்பானது. அதைக் கோழைத்தனம் என்றோ அறியாமை என்றோ எவரும் சொல்லமுடியாது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அனர்த்த எச்சரிக்கைக்காக வெளியேறுவது சில மணித்தியாலங்களுக்கு, வெள்ளம் என்றால் சில நாட்களுக்கு. அதனால் உங்கள் காணி உரிமையோ மீள்குடியேற்றப் பதிவோ இல்லாமல் போகாது. ஆனாலும் பயம் பயந்தான். அதற்கு மருந்து ஆயத்தம். காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், தேசிய அடையாள அட்டைகள், பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், மீள்குடியேற்றப் பதிவுக் கடிதம், கிளினிக் அட்டை எல்லாவற்றையும் ஒரே நீர்புகாப் பையில் வையுங்கள். பிரதி ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுங்கள். கையில் பத்திரம் இருந்தால் கால் தயங்காது.

அடுத்தது, வந்த எச்சரிக்கை பொய்த்தால்? 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமாத்திராவுக்கு அப்பால் மிகப் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. கரையோர மக்கள் வெளியேறினார்கள். பெரிய அலை வரவில்லை. அன்று கடலடித் தட்டுகள் மேலெழாமல் பக்கவாட்டில் வழுக்கியதால் நீர் பெருமளவில் தூக்கப்படவில்லை. இதை முதல் நிமிடங்களில் உறுதியாகச் சொல்லமுடியாது. அதனால் எச்சரித்தார்கள். அந்த நாளைப் பொய் என்று கணக்கிடாமல், ஒரு முழுமையான ஒத்திகை என்று கணக்கிடுங்கள். ஒரு பிற்பகல் வேலை போனது. எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உறுதிப்படுத்தாத செய்தியைக் கைத்தொலைபேசியில் பரப்புவது அடுத்த உண்மையான எச்சரிக்கையின் மதிப்பைக் குறைக்கும். குரல்பதிவு ஒன்று வந்தால் முதலில் 117ஐயோ கிராம உத்தியோகத்தரையோ கேளுங்கள். பிறகு மற்றவருக்குச் சொல்லுங்கள். அதேபோல, ஆபத்து நீங்கியது என்ற அறிவித்தல் வரும்வரை வீடு திரும்பாதீர்கள்.

வீட்டுக்குள் செய்யவேண்டியவை

தற்காலிகக் கொட்டிலில் இருப்போர் கவனிக்க: சூறாவளியில் கழன்ற கூரைத் தகரம் கத்தியைப்போல் பறக்கும். ஒக்டோபருக்கு முன்னர் தகரங்களைக் கம்பியால் வளையோடு இறுகக் கட்டுங்கள். வளவில் கிடக்கும் மிகுதித் தகரங்களை அடுக்கி மேலே பாரம் ஏற்றுங்கள். காற்று அறிவித்தல் வந்தால் கொட்டிலில் தங்காமல் பாடசாலை போன்ற உறுதியான கட்டடத்துக்குப் போங்கள்.

பத்திரப் பையுடன் ஒரு ரோர்ச், பற்றரியில் இயங்கும் சிறிய வானொலி, மூன்று நாள் மருந்து, குடிநீர்ப் போத்தல், குழந்தையின் பால்மா, பெண்களின் சுகாதாரப் பொருட்கள், ஒரு மாற்றுடை ஆகியவை இருக்கட்டும். ஆடுமாடுகளை வெள்ளக் காலத்தில் கட்டி வைக்காமல் மேட்டு நிலத்துக்கு முன்னரே ஓட்டிவிடுங்கள். மாட்டைத் தேடப்போய் வெள்ளத்தில் போன உயிர்கள் பல. பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதைப் பிள்ளைகளோடு பேசி ஒரு இடத்தைக் குறியுங்கள். பிள்ளை பாடசாலையில் இருக்கும்போது எச்சரிக்கை வந்தால், ஆசிரியர்கள் எங்கே கூட்டிச் செல்வார்கள் என்பதை அதிபரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். தெரியாவிட்டால்தான் பெற்றோர் கடற்கரைப் பக்கம் உள்ள பாடசாலையை நோக்கி எதிர்த்திசையில் ஓடுவார்கள்.

இந்த வாரத்தில் செய்யக்கூடிய மூன்று

ஒன்று, கிராம உத்தியோகத்தரிடம் சென்று உங்கள் பெயரும் தொலைபேசி இலக்கமும் பட்டியலில் உள்ளனவா என்று பாருங்கள். இரண்டு, பத்திரங்களை ஒரே பையில் சேருங்கள். மூன்று, பின்னேரம் ஒருநாள் பிள்ளைகளுடன் வெளியேறும் பாதையை நடந்து பாருங்கள். போகும்போது பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் இன்னும் இந்தக் கைநூலை வாசிக்காமல் இருக்கலாம்.